சுமையல்ல, ஆப்பிள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய நேரத்தில் கால்பங்கு கரைந்துவிட்டதைக் கண்டு அஞ்சியதால், நான் ஒரே வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

“குறுநாவல்களில் விஞ்சி நிற்பது கருப்பொருளா, கதைமாந்தரா?” என்பது தலைப்பு. கதைமாந்தரே என்பது எங்கள் அணி. உண்மையை மறைப்பானேன், சீட்டுக் குலுக்கிப் போட்டதில்தான் இந்தப் பக்கம் வந்து விழுந்தேன். விழுந்த பிறகு எழுந்திருக்க மனமில்லாமற்போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாதங்கள் காத்திருக்கட்டும், அவற்றுக்கு வயதாவதில்லை.

எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். நன்றாகப் படிப்பவன் என்று பெயரெடுத்தவன். அவனுக்கு நன்றாக வந்தது எழுத்து மட்டுமே; ஆனால் படிப்பவனையும் எழுதுபவனையும் பிரித்தறியும் திறம் விடைத்தாளுக்குக் கிடையாது. சென்ற ஆண்டு எங்களுக்கு உலகக் குறுநாவல்கள் ஒரு பாடமாக இருந்தன. ஃபிரான்ஸ் காஃப்காவின் எழுத்தில் 1915இல் வெளிவந்த ‘உருமாற்றம்’ அவற்றுள் ஒன்று. கிரெகோர் சாம்சா என்பவன் ஒரு காலைப்பொழுதில் கண்விழிக்கும்போது பெரும் பூச்சியாக மாறிக் கிடக்கிறான் என்று தொடங்கும் கதை அது. “இக்குறுநாவலின் கருப்பொருளை விளக்குக” என்று தேர்வில் வினா வந்தது. நண்பன் நான்கு பக்கம் எழுதினான். நவீன மனிதனின் அந்நியமாதல் என்று தொடங்கி, உழைப்பைச் சுரண்டும் அமைப்பு மனிதனைப் புழுப்பூச்சியாக்குவதை எடுத்துக்காட்டி, குடும்பம் என்னும் நிறுவனத்தின் பொருளாதார அடித்தளத்தை அலசி, இருத்தலின் பொருளின்மையில் கொண்டுபோய் முடித்திருந்தான். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. இருபதுக்குப் பதினெட்டு. அதில் ஒரே குறை, அவன் அந்தக் கதையைப் படிக்கவில்லை. அட்டையின் பின்பக்கத்தைப் படித்திருந்தான். தேர்வுக் குறிப்புகளைப் படித்திருந்தான். நடுவில் இருந்ததைத்தான் விட்டுவிட்டான்.

அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் அந்த விடைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு, மகிழ்ச்சியோடுதான் தொடங்கினார். “கிரெகோர் சாம்சா என்ன வேலை பார்த்தான், தம்பி?” என்றார். “உழைப்பு, ஐயா” என்றான் நண்பன். “என்ன உழைப்பு?” என்றார். “சுரண்டப்பட்ட உழைப்பு, ஐயா.” அவன் ஊர் ஊராகச் சென்று துணி விற்கும் பயண விற்பனையாளன், விடிகாலை ஐந்து மணி இரயிலைத் தவறவிட்டோமே என்பதுதான் பூச்சியான பிறகும் அவனுடைய முதற்கவலை. பேராசிரியர் அதைச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “போகட்டும். கதையின் பிற்பகுதியில் கிரெகோரின் முதுகில் என்ன இருந்தது?” என்றார்.

நண்பன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “சுமை, ஐயா.”

“என்ன சுமை?”

“குடும்பச் சுமை, ஐயா.”

பேராசிரியர் இரக்கமுள்ளவர். ஒரு குறிப்புக் கொடுத்தார். “அது அழுகிக்கொண்டிருந்தது, தம்பி. இப்போது சொல்.” நண்பனின் முகம் மலர்ந்தது. “அழுகிக்கொண்டிருக்கும் சமூகத்தின் சுமை, ஐயா” என்றான். இன்னொரு குறிப்பும் கொடுத்தார். “அவனுடைய அப்பா எறிந்தது.” நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்து, “தந்தைவழிச் சமூகம் அவன்மீது எறிந்த சுமை, ஐயா” என்றான். பேராசிரியர் மதிப்பெண் பதிவேட்டை மெதுவாக மூடினார். “ஆப்பிள்” என்றார்.

ஆம், அவையோரே, ஆப்பிள். அறையைவிட்டு வெளியே வந்த மகனை விரட்டுவதற்காக, அங்கிருந்த பழத்தட்டிலிருந்து ஆப்பிள்களை எடுத்துச் சட்டைப்பைகளில் நிரப்பிக்கொண்டு, தந்தை ஒவ்வொன்றாக எறிகிறார். ஒன்று உரசிக்கொண்டு போகிறது. இன்னொன்று முதுகிலேயே பதிந்துவிடுகிறது. அதை எடுத்துவிட அந்த வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த ஆப்பிளோடுதான் அவன் ஊர்ந்து திரிகிறான். அது அங்கேயே அழுகுகிறது. இதைப் படித்தவன் எவனும் ‘சுமை’ என்று சொல்லமாட்டான். படித்தவனுக்கு முதுகு கூசும்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கருப்பொருளைப் பற்றி நான்கு பக்கம் எழுதப் புத்தகம் தேவைப்படவில்லை. ஒரு பழத்தின் பெயரைச் சொல்லத்தான் புத்தகம் தேவைப்பட்டது. புத்தகத்தைத் திறக்காமலேயே ஒன்று கைக்குக் கிடைக்கிறதென்றால், அது புத்தகத்துக்குள் விஞ்சி நிற்கிறது என்று எப்படிச் சொல்வது? எதிரணியினர் இதற்கு விடை வைத்திருப்பார்கள். நிச்சயம் அழகான ஒற்றுகளோடு வைத்திருப்பார்கள்.

குறுநாவல் என்னும் வடிவமும் எங்கள் பக்கமே சாய்கிறது. சிறுகதை ஒரு கணத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடும். நாவல் மூன்று தலைமுறையை அழைத்துவந்து பந்தியில் உட்காரவைக்கும். குறுநாவலிலோ ஒரே ஓர் ஆளும், அவருக்கு நேர்ந்துவிட்ட ஏதோ ஒன்றும், வெளியேற வழியில்லாத ஓர் அறையும்தான் உண்டு. ‘உருமாற்றம்’ மூன்றே பகுதி. டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ பன்னிரண்டு சிறு அத்தியாயம். ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ கதைக்கு அத்தியாயப் பிரிவே கிடையாது. இவ்வளவு சின்ன இடத்தில் நாம் ஒரு மனிதரோடு மிக அருகில் உட்காரவைக்கப்படுகிறோம்; அவருடைய மூச்சு நம்மீது படுகிறது. வடிவத்தைப் பற்றி இதற்குமேல் பேசினால் எனக்கே கொட்டாவி வரும்.

இனி எதிரணித் தலைவரின் அந்தப் பரிகாசத்துக்கு வருகிறேன். அவர் அதைச் சொன்னபோது எழுந்த கைத்தட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். “பாத்திரம், பாத்திரம் என்று இவர்கள் கூச்சலிடுகிறார்கள், பாத்திரம் என்றால் அடுக்களையில் இருப்பதுதானே? அதில் ஊற்றிய பாலன்றோ கருப்பொருள்! பாலைக் கொட்டிவிட்டு வெறும் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்களே” என்றார். நல்ல சிலேடை. தலைப்பில் ‘கதைமாந்தர்’ என்றுதான் இருக்கிறது. மாந்தரை வைத்துச் சிலேடை வராததால் பாத்திரத்தைத் தேடிப்போயிருக்கிறார். பரவாயில்லை, அவர் கொடுத்த பாத்திரத்தை நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஐயா, நீங்கள் சொன்ன பாலும் பாத்திரமும் காஃப்காவின் கதைக்குள்ளேயே இருக்கின்றன. நீங்கள் அதைப் படித்துவிட்டுத்தான் சொன்னீர்களா, என் நண்பனைப் போலப் படிக்காமலேயே சொல்லிவிட்டீர்களா என்பது எனக்குத் தெரியாது. கிரெகோர் பூச்சியான முதல் நாள், தங்கை கிரெட்டே அவனுடைய அறையில் ஒரு பாத்திரத்தில் இனிப்புக் கலந்த பாலை வைக்கிறாள். அதில் ரொட்டித் துண்டுகள் மிதக்கின்றன. மனிதனாக இருந்தபோது அவன் விரும்பிக் குடித்தது பால். இப்போது தலையை உள்ளே விட்டவன் வெறுப்போடு திரும்பிவிடுகிறான். மறுநாள் காலை தங்கை வந்து எட்டிப்பார்க்கிறாள். பால் அப்படியே இருக்கிறது. அவள் அந்தப் பாத்திரத்தை எடுக்கிறாள். எப்படி எடுக்கிறாள் தெரியுமா? வெறுங்கையால் அன்று, ஒரு துணியால் பிடித்து எடுக்கிறாள். பிறகு போய், அவனுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்வதற்காகப் பாதி கெட்டுப்போன காய்கறி, எலும்புத்துண்டு, திராட்சை, பாதாம், அவனே முன்பொருநாள் தின்னத் தகாதது என்று ஒதுக்கிய பாலாடைக்கட்டி என்று பலவற்றையும் ஒரு பழைய செய்தித்தாளில் பரப்பிக் கொண்டுவந்து வைக்கிறாள்.

அந்தத் துணியைச் சற்று நேரம் பாருங்கள். அண்ணன் பசியோடு இருக்கிறானே என்று பதறி ஓடும் அதே பெண், அவன் வாய் வைத்த பாத்திரத்தை வெறுங்கையால் தொடக் கூசுகிறாள். அன்பும் அருவருப்பும் ஒரே கையில், ஒரே துணியில். கதையின் கடைசியில், இதைத் தொலைத்துத் தலைமுழுகத்தான் வேண்டும் என்று முதலில் வாய்திறந்து சொல்பவளும் அவளே. அவளை இசைப்பள்ளிக்கு அனுப்பி வயலின் படிக்கவைக்க வேண்டும் என்று மறைவாகத் திட்டம் வைத்திருந்த அண்ணனைப் பற்றித்தான் அப்படிச் சொல்கிறாள். அவள் கெட்டவளா? நான் மூன்று முறை படித்தும் அவளைக் கெட்டவள் என்று சொல்ல வாய்வரவில்லை. அந்த வீட்டில் அவனுடைய அறைக்குள் துணிந்து நுழைந்தவள் நெடுநாள் அவள் ஒருத்திதான். ‘குடும்ப உறவுகளின் சுயநலம்’ என்று நீங்கள் ஊற்றும் பாலில் இந்தத் துணி மிதக்குமா, மூழ்குமா?

பாத்திரம் என்றாலே வெறும் பாத்திரம் என்று முடிவுகட்டிய எதிரணித் தலைவருக்கு, மணிமேகலை கையில் இருந்த பாத்திரம் எப்படி மறந்துபோயிற்று? சிந்தாதேவி ஆபுத்திரனிடம் கொடுத்து, அவன் கோமுகிப் பொய்கையில் விட்டு, ஆண்டுக்கொருமுறை மேலெழுந்து, மணிமேகலை கைக்கு வந்த அமுதசுரபியில் யார் வந்து பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்கள்? அது தானே சுரந்தது. எடுக்க எடுக்கக் குறையாமல் சுரந்தது. உண்மையான கதைமாந்தர் அப்படித்தான். கிரெட்டேயிடமிருந்து நீங்கள் ஒரு கருப்பொருளை அள்ளிக்கொண்டு போங்கள், நான் இன்னொன்றை அள்ளிக்கொள்கிறேன், நாளை வருபவர் வேறொன்றை அள்ளட்டும், அவள் குறைவாளா? ஆதிரை முதற்பிச்சை இட்ட பிறகுதானே அது சுரந்தது என்று எதிரணியில் ஒருவர் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். எழுதுங்கள். ஆதிரையும் கதைமாந்தர்தான்.

பாத்திரத்தைப் பார்த்தாயிற்று, அவர்களுடைய சொல்லையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். கருப்பொருள், கருப்பொருள் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்களே, தொல்காப்பியர் அந்தச் சொல்லை எதற்கு வைத்தார்? “தெய்வம் உணாவே மாமரம் புட்பறை” என்று தொடங்குகிறது நூற்பா. ஒரு நிலத்தில் கண்ணால் காணக்கூடிய தெய்வமும், உண்ணும் உணவும், விலங்கும், மரமும், பறவையும், பறையுமே கரு. அகத்தே நிகழும் பிரிவும் இரங்கலும் போன்றவை உரிப்பொருள். இன்றைய வழக்கில் சொல் பொருள் மாறிவிட்டது என்பது எனக்கும் தெரியும். நான் ஒன்றும் இலக்கண வழக்குப் போட வரவில்லை. ஆனாலும் பழைய கணக்கின்படி பார்த்தால், அந்த ஆப்பிள் கருப்பொருள். அந்தப் பால் கருப்பொருள். அடுத்து நான் சொல்லப்போகும் குதிரையும் கருப்பொருள். அந்தக் கருப்பொருளுக்காகப் பேசுவதாக இருந்தால் எங்கள் வரிசையில் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காரலாம்.

குதிரை என்றதும் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் நிமிர்ந்து உட்கார்கிறார். ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’ முழுக்க முழுக்கக் கருப்பொருளுக்காகவே எழுதப்பட்டது, அதில் விலங்குகள் வெறும் குறியீடு என்று அவர் வாதிட்டார். 1945இல் வெளிவந்த அந்தக் கதை சோவியத் ஆட்சியைச் சாடவே எழுதப்பட்டது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உக்ரேனிய மொழிபெயர்ப்புக்காக 1947இல் ஆர்வெல் எழுதிய முன்னுரையை அவர் பாதியில் மூடிவிட்டார். ஸ்பெயினிலிருந்து திரும்பியபோதே இப்படியொரு கதை எழுதும் எண்ணம் தோன்றிவிட்டது என்றும், ஆனால் கதை நெடுங்காலம் பிடிபடவில்லை என்றும் அதில் சொல்கிறார். பிறகு ஒருநாள், பத்து வயதிருக்கும் ஒரு சிறுவன் குறுகிய பாதையில் ஒரு பெரிய வண்டிக்குதிரையை ஓட்டிச் செல்வதையும், அது திரும்ப முயலும்போதெல்லாம் அதைச் சாட்டையால் அடிப்பதையும் பார்க்கிறார். இந்த விலங்குகளுக்குத் தம் வலிமை தெரிந்துவிட்டால் நம் கதி என்ன என்று அவருக்குத் தோன்றுகிறது. கதை அங்கே பிறக்கிறது. கருப்பொருள் ஆண்டுக்கணக்கில் வாசலில் நின்றுகொண்டிருந்தது, நடுவர் அவர்களே. குதிரை வந்த பிறகுதான் கதவு திறந்தது.

அந்தக் குதிரைதான் பாக்ஸர். எழுத்து கற்றுக்கொள்ள முயல்கிறது. முதல் நான்கு எழுத்துக்குமேல் ஏறவில்லை. அடுத்த நான்கையும் முயன்று கற்றபோது முதல் நான்கு மறந்துபோயிருந்தன. எனவே நான்கே போதும் என்று மண்ணில் குளம்பால் அவற்றை எழுதி எழுதிப் பார்க்கிறது. எது நடந்தாலும் இன்னும் கடுமையாக உழைப்பேன் என்பதே அதற்குத் தெரிந்த விடை. காற்றாலைக்குக் கல் இழுத்து இழுத்து ஒருநாள் விழுகிறது. மருத்துவமனைக்கு அனுப்புகிறோம் என்று பண்ணையை ஆளும் பன்றிகள் சொல்லி, ஒரு வண்டி வருகிறது. அப்போது பெஞ்சமின் என்னும் கழுதை ஓடிவருகிறது. பண்ணையில் எந்தப் பன்றிக்கும் குறையாமல் படிக்கத் தெரிந்தும், படிக்கத் தகுந்தது எதுவும் இல்லை என்று வாழ்நாளெல்லாம் ஒதுங்கியிருந்த கழுதை அது. அது ஓடி அதுவரை யாருமே பார்த்ததில்லை. மற்ற விலங்குகள் வண்டியைச் சூழ்ந்து நின்று விடைகொடுத்துக்கொண்டிருக்க, “முட்டாள்களே, வண்டியின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்” என்று கத்திவிட்டு, அதை வாய்விட்டுப் படிக்கிறது. குதிரைகளை வெட்டுபவனின் வண்டி. உள்ளேயிருந்து குளம்புகள் உதைக்கும் ஓசை கேட்கிறது. ஒருகாலத்தில் சில உதையிலேயே அந்த வண்டி தீக்குச்சியாய்ச் சிதறியிருக்கும். ஓசை மெல்ல மெல்லக் குறைந்து அடங்கிவிடுகிறது.

அந்தச் சோவியத் அரசு இன்று இல்லை. கதை யாரைச் சாடியது என்பது தெரியாத பள்ளிப்பிள்ளைகள்கூட இன்று அதைப் படிக்கிறார்கள். அவர்களும் அந்தப் பக்கத்தில் அழுகிறார்கள். எனக்கென்னவோ பாக்ஸரைவிடப் பெஞ்சமினை நினைத்தால்தான் அதிகமாக வலிக்கிறது. அத்தனை காலம் ஒதுங்கியிருந்துவிட்டு வாய்விட்டுப் படித்தது, அதையும் தாமதமாகப் படித்தது.

ஹெமிங்வேயைப் பற்றி ஒரு சொல். எண்பத்துநான்கு நாள் மீன் கிடைக்காத கிழவர், எலும்புக்கூடாகிவிட்ட மீனோடு கரை திரும்பி, பாய்மரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுகிறார். அந்த இடத்தில் ‘சிலுவை’ என்று எழுதாத மாணவன் இல்லை. நானும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். நூல் வெளிவந்த 1952ஆம் ஆண்டிலேயே ஹெமிங்வே கலை விமர்சகர் பெர்னார்ட் பெரென்சனுக்கு எழுதிய கடிதத்தில், இதில் குறியீடு ஏதும் இல்லை, கடல் கடல்தான், கிழவன் கிழவன்தான், சிறுவன் சிறுவன்தான், மீன் மீன்தான் என்று சொல்லிவிட்டார். எழுத்தாளர்கள் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை என்று எதிரணி சொல்லக்கூடும். சரி, நம்பாதீர்கள். குடிசைக்குப் போய்ச்சேர்வதற்குள் அந்தக் கிழவர் ஐந்து முறை உட்கார்ந்தார். அந்த ஐந்தை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

காஃப்காவும் இதைத்தான் செய்தார். நூலின் அட்டையில் பூச்சியை வரைந்துவிடக்கூடாது, தொலைவில் தெரிவதுபோலக்கூட வரையக்கூடாது என்று பதிப்பாளருக்கு எழுதினார். அதற்குப் பதிலாக எதை வரையலாம் என்றார்? மூடிய கதவின் முன்னால் பெற்றோரும் அலுவலகத்திலிருந்து வந்த மேலாளரும் நிற்பதை வரையலாம். அதைவிட நன்று, விளக்கெரியும் அறையில் பெற்றோரும் தங்கையும் இருக்க, பக்கத்து இருட்டறைக்குக் கதவு திறந்திருப்பதை வரையலாம் என்றார். நான்கு பக்கம் எழுதிய என் நண்பனுக்கு அந்தத் திறந்த கதவு தெரியவேயில்லை.

அவையோரே, அந்த நண்பன் நான்தான். உங்களில் பலர் முன்பே கண்டுபிடித்திருப்பீர்கள். இருபதுக்குப் பதினெட்டு என்று சொன்னபோது என் குரல் சற்று உயர்ந்துவிட்டது. பேராசிரியர் ‘ஆப்பிள்’ என்று சொன்ன பிறகு நடந்ததை முதல்முறை நான் சொல்லாமல் விட்டேன். நான் அதற்கும் விடைசொன்னேன். “ஆதிப்பாவத்தின் குறியீடு, ஐயா” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “போய்ப் படி, தம்பி. அவனுக்கு வலித்தது” என்றார். அன்று இரவே படித்தேன்.

அதன் பிறகு படித்தவற்றுள் என்னைப் படுத்தி எடுத்தது 1886இல் வெளிவந்த ‘இவான் இலியிச்சின் மரணம்’. இவான் இலியிச் ஒரு நீதிபதி. நடுவர் அவர்கள் கவலைப்பட வேண்டாம், அவர் தீர்ப்பெல்லாம் முறையாகத்தான் சொன்னார். புது வீட்டில் திரைச்சீலை எப்படித் தொங்க வேண்டும் என்று காட்ட ஏணியில் ஏறி, வழுக்கி, விலாவில் இடித்துக்கொள்கிறார். அந்த இடி நோயாகிறது. குற்றவாளிக்கூண்டில் நின்றவர்களிடம் இவர் எந்த முகத்தைக் காட்டினாரோ, அதே முகத்தை மருத்துவர் இவரிடம் காட்டுகிறார். தாம் சாகப்போகிறோம் என்று தெரிந்துகொண்ட வேளையில், சிறுவயதில் தருக்கநூலில் படித்த பாடம் அவருக்கு நினைவுக்கு வருகிறது. கயஸ் ஒரு மனிதன், மனிதர் இறப்பர், ஆகவே கயஸ் இறப்பான். கயஸைப் பொறுத்தவரை அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் இவர் கயஸ் இல்லையே. இவர் அம்மாவும் அப்பாவும் செல்லமாக அழைத்த சின்ன வான்யா. கோடுபோட்ட தோல்பந்தின் வாசனையை அவ்வளவு விரும்பிய வான்யா. அந்த வாசனை கயஸுக்குத் தெரியுமா?

மனிதர் யாவரும் இறப்பர் என்பதுதான் இக்குறுநாவலின் கருப்பொருள் என்று எதிரணியின் மூன்றாம் பேச்சாளர் சற்றுமுன் சொன்னார். அது கயஸ், ஐயா. அந்தப் பாடத்தை இவான் இலியிச் பள்ளியிலேயே படித்துத் தேறிவிட்டார். நாற்பத்தைந்தாவது வயதில் அவரைக் கொன்றது அது அன்று. அந்தப் பந்தின் வாசனை.

மணியடித்துவிட்டது. வாதங்கள் இன்னும் மூன்று வைத்திருந்தேன்; அவற்றை விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் சொல்லி அமர்கிறேன். இவான் இலியிச்சின் வீட்டில் கெராசிம் என்றொரு பணியாள் இருக்கிறான், கிராமத்திலிருந்து வந்த இளைஞன். கால்களை உயர்த்திப் பிடித்தால் நோயாளிக்கு வலி குறைகிறது என்பதால், அவன் அவருடைய கால்களைத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். உனக்கு வேலை இல்லையா என்று அவர் கூச்சத்தோடு கேட்கிறார். எல்லாம் முடிந்துவிட்டது, நாளைக்கு விறகு பிளப்பது மட்டும்தான் பாக்கி என்கிறான்.

சென்ற ஆண்டின் கடைசியில் என் தாத்தா ஏழு வாரம் படுக்கையில் இருந்தார். கால்களைத் தூக்கிவைத்தால் வலி சற்றுத் தணிந்தது. தலையணையை அடியில் வைத்தால் நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு நள்ளிரவில் நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவருடைய கால்கள் இரண்டையும் என் தோளில் வைத்துக்கொண்டேன். குதிகால்கள் இவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டறியாத மனிதர் அவர். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தேர்வு இருக்கிறதே, உனக்கு வேறு வேலை இல்லையாடா?” என்றார்.

“எல்லாம் முடிந்துவிட்டது, தாத்தா. நாளைக்கு விறகு பிளப்பது மட்டும்தான் பாக்கி” என்றேன்.

எங்கள் வீட்டில் விறகும் இல்லை, கோடரியும் இல்லை. தாத்தா இருட்டில் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, மெதுவாகப் பிளந்துகொள்ளலாம்” என்றார்.